எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பைல் காப்பி ஆகவில்லையா?

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பைல்களைக் காப்பி செய்யும்போது பாதியில் நின்று விடுகிறது. நிறைய இடம் இருந்தும் இடம் இல்லை என்று செய்தி வருகிறது. நேற்று வரை திறந்த போல்டர் இன்று திறக்க மறுக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்த மூன்று கேள்விகளைத்தான். கேள்வி கேட்பதற்கு முன்பே பலருக்கு ஒரு யோசனை கிடைத்திருக்கும்: "பார்மட் பண்ணிப் பாருங்க, சரியாயிடும்." டிஸ்க் சரியாகலாம். உள்ளே இருந்த கல்யாண வீடியோவும் பத்திர ஸ்கேனும் திரும்பி வராது.

காப்பி ஆகாததற்குக் காரணம் ஒன்றல்ல. டிஸ்க் எந்த முறையில் பார்மட் செய்யப்பட்டுள்ளது, பைலின் பெயரும் பாதையும் எவ்வளவு நீளம், அந்த பைலைத் திறக்க உங்களுக்கு அனுமதி உண்டா, கேபிளும் மின்சாரமும் போதுமா, கடைசியாக டிஸ்க்கே நல்ல நிலையில் உள்ளதா என்று ஐந்து இடங்களில் பார்க்க வேண்டும். திரையில் வரும் பிழைச் செய்தியே எந்த இடம் என்று பெரும்பாலும் சொல்லி விடும். எனவே செய்தி வந்தவுடன் கேன்சல் அழுத்தி மூடி விடாதீர்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் இரண்டு விதிகள். காரணம் தெரியும் வரை பார்மட் கூடாது. எந்த நேரத்திலும் கட் செய்து பேஸ்ட் செய்யக் கூடாது. காப்பி செய்து, சரிபார்த்து, அதன் பின் பழையதை அழிக்கலாம்.

4 ஜி.பி. தடை

"தி பைல் இஸ் டூ லார்ஜ் பார் தி டெஸ்டினேஷன் பைல் சிஸ்டம்" என்ற செய்தி வந்தால் டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை. அது பேட்32 முறையில் பார்மட் செய்யப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பழைய விண்டோஸ் எக்ஸ்பி இதே நிலையில் "போதிய இடம் இல்லை" என்று சொல்லிக் குழப்பியது. 200 ஜி.பி. காலியாக இருக்கும்போது இடம் இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது!

பேட்32 முறை 1996ல் விண்டோஸ் 95ன் திருத்திய பதிப்புடன் வந்தது. இதில் ஒரு பைலின் அளவை எழுதி வைக்க 32 பிட் இடம்தான் ஒதுக்கப்பட்டது. 32 பிட்டில் எழுதக் கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. ஆகவே ஒரு பைல் அத்தனை பைட்டுக்கு மேல், அதாவது 4 ஜி.பி.க்கு மேல் போக முடியாது. டிஸ்க்கின் மொத்த இடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நெல் மூட்டைகள் அடுக்க அறை நிறைய இடம் இருந்தும், கதவு அகலத்துக்கு மேற்பட்ட பெட்டி உள்ளே போகாதது போலத்தான்.

உங்கள் டிஸ்க் எந்த முறை என்று பார்க்க, திஸ் பிசி திறந்து, டிரைவின் மீது ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். ஜெனரல் டேபில் பைல் சிஸ்டம் என்ற வரியில் பதில் இருக்கும். பேட்32 என்று இருந்தால் மூன்று வழிகள் உண்டு.

1. டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் மட்டும் பயன்படுத்துபவர் என்.டி.எப்.எஸ். முறைக்கு மாறலாம். உள்ளே உள்ள பைல்களை அழிக்காமலேயே மாற்றித் தரும் கன்வெர்ட் என்ற கட்டளை விண்டோஸில் உள்ளது. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் கன்வெர்ட், இடைவெளி, டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, இடைவெளி, சாய்கோடு, எப்.எஸ்., முக்காற்புள்ளி, என்.டி.எப்.எஸ். என்று புள்ளிகள் இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். டிரைவின் பெயரைக் கேட்டால் கொடுங்கள். முக்கியமான பைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். இது ஒருவழிப் பாதை. இதே கட்டளையால் திரும்பவும் பேட்32 ஆக்க முடியாது.

2. விண்டோஸ், ஆப்பிள் மேக் இரண்டிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்பேட் முறை வசதியானது. மேக் கம்ப்யூட்டர் என்.டி.எப்.எஸ். டிஸ்க்கைப் படிக்கும், தனி புரோகிராம் இல்லாமல் அதில் எழுதாது. எக்ஸ்பேட்டுக்கு மாற டிஸ்க்கை பார்மட் செய்துதான் ஆக வேண்டும். எனவே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்த பிறகே இதைத் தொடங்குங்கள்.

3. பழைய டிவி பேட்32 மட்டுமே படிக்கும் என்றால் டிஸ்க்கை மாற்றாமல், 7-ஜிப் புரோகிராமால் பைலை 4 ஜி.பி.க்குக் குறைந்த துண்டுகளாகப் பிரித்து எடுத்துச் செல்லலாம். ஆனால் இந்தத் துண்டுகள் டிவியில் ஓடாது. வேறு கம்ப்யூட்டரில் ஒட்டிய பிறகே ஓடும். டிவிக்கு என்றால் வீடியோவையே இரண்டு பாகமாக வெட்டிக் கொள்ள வேண்டும்.

இடம் எங்கே போனது?

1 டி.பி. டிஸ்க் வாங்கினேன், 931 ஜி.பி. தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றி விட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. டிஸ்க் தயாரிப்பவர் 1000 எம்.பி.யை 1 ஜி.பி. என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024 எம்.பி.யை 1 ஜி.பி. என்று கணக்கிடுகிறது. இதன்படி 500 ஜி.பி. டிஸ்க் 465 ஜி.பி. என்றும், 1 டி.பி. டிஸ்க் 931 ஜி.பி. என்றும் தெரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. டிஸ்க் தன் இடத்தை க்ளஸ்டர் என்ற சிறு பாத்திகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு பாத்தியில் ஒரு பைல் மட்டுமே இருக்க முடியும். என்.டி.எப்.எஸ். முறையில் பாத்தியின் அளவு பொதுவாக 4 கே.பி.; 32 ஜி.பி.க்கு மேற்பட்ட எக்ஸ்பேட் டிஸ்க்கில் 128 கே.பி. உங்களிடம் 10 கே.பி. அளவுள்ள சிறு பைல்கள் 10,000 இருப்பதாக வைத்துக் கொள்வோம். என்.டி.எப்.எஸ். டிஸ்க்கில் ஒவ்வொன்றும் 12 கே.பி. பிடிக்கும், மொத்தம் சுமார் 117 எம்.பி. எக்ஸ்பேட்டில் ஒவ்வொன்றும் 128 கே.பி. பிடிக்கும், மொத்தம் 1250 எம்.பி. பைல்கள் அதே பைல்கள்தான். சிறு பைல்கள் ஏராளமாக இருந்தால் ஒரே ஜிப் பைலாக்கிக் காப்பி செய்யுங்கள். இடமும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும்.

கவனம்: நம்ப முடியாத விலைக்குப் பல டி.பி. கொள்ளளவு என்று விற்கப்படும் பென் டிரைவ்களிலும் டிஸ்க்குகளிலும் போலிகள் உண்டு. காப்பி முழுமையாக முடிந்தது போலக் காட்டும். உண்மையான கொள்ளளவுக்கு மேல் எழுதியது எதுவும் உள்ளே இருக்காது. புதிதாக வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்து விடுங்கள்.

பெயரும் பாதையும்

"டெஸ்டினேஷன் பாத் டூ லாங்" என்று செய்தி வந்தால் பைலின் பெயரோடு அது இருக்கும் போல்டர்களின் பெயர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் இந்த மொத்தப் பாதை 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். போல்டருக்குள் போல்டர், அதற்குள் போல்டர் என்று நீளமான பெயர்களை வைத்தால் எளிதில் எல்லை தாண்டி விடும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். தஞ்சாவூர் என்பது நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோட் முறையில் கம்ப்யூட்டருக்கு அது ஒன்பது குறிகள். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. கும்பகோணம் நமக்கு ஆறு, கம்ப்யூட்டருக்குப் பத்து. இதற்காகத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. இதே பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒன்பதும் பத்தும்தான் வருகின்றன. பெயரைச் சுருக்கமாக வையுங்கள், போதும். ஏற்கனவே நீண்டு விட்டதென்றால் மேலே உள்ள போல்டரின் பெயரை ஒன்றிரண்டு எழுத்துகளாக மாற்றி விட்டுக் காப்பி செய்யுங்கள்.

அதே போல் \ / : * ? " < > | என்ற ஒன்பது குறிகளும் விண்டோஸ் பைல் பெயரில் இருக்கக் கூடாது. தேதியை 12/06/2024 என்று எழுத முடியாததற்கு இதுவே காரணம். மேக் அல்லது லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து வரும் பைல்களில் இவற்றில் சில இருக்கும். அங்கேயே பெயரை மாற்றிக் கொண்டு வரவும். தேதியை 2024-06-12 என்று எழுதினால் பைல்கள் தேதி வரிசையிலும் நிற்கும்.

அனுமதி மறுக்கப்பட்டால்

பழைய கம்ப்யூட்டர் போய் விட்டது. அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு மாட்டினால் "ஆக்சஸ் டினைடு" என்கிறது. என்.டி.எப்.எஸ். முறையில் ஒவ்வொரு போல்டருக்கும் ஓர் உரிமையாளர் பதிவாகியிருப்பார். அவர் பழைய விண்டோஸின் பயனாளர். புதிய கம்ப்யூட்டருக்கு அவரைத் தெரியாது. வீட்டுப் பட்டாவை மாற்றுவது போல உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

போல்டரின் மீது ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் செல்லவும். செக்யூரிட்டி டேபில் அட்வான்ஸ்டு க்ளிக் செய்யவும். ஓனர் என்ற வரிக்கு அருகில் சேஞ்ச் என்று இருக்கும். அதில் உங்கள் விண்டோஸ் பயனாளர் பெயரை டைப் செய்து செக் நேம்ஸ் க்ளிக் செய்து ஓகே கொடுங்கள். கீழே, உள் போல்டர்களுக்கும் உரிமையை மாற்றும் கட்டத்தில் டிக் செய்து அப்ளை கொடுத்து வெளியேறவும். பைல்கள் அதிகம் இருந்தால் சில நிமிடங்கள் ஆகும்.

இது அனுமதிப் பிரச்னைக்கு மட்டும். பைல்கள் விண்டோஸின் என்கிரிப்ஷன் முறையில் பூட்டப்பட்டிருந்தால் பழைய கம்ப்யூட்டரின் சான்றிதழ் வேண்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால் பாஸ்வேர்டு அல்லது 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். இவை இல்லாமல் திறந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேபிளும் கரண்டும்

டிஸ்க் தெரிகிறது, மறைகிறது, மறுபடி தெரிகிறது. காப்பி ஐந்து நிமிடம் ஓடி நிற்கிறது. இப்படி இருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க் தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் யு.எஸ்.பி. கேபிள் வழியாகவே எடுக்கிறது. யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும். யு.எஸ்.பி. 3.0 போர்ட் 900 தரும். கேபினெட்டின் முன்பக்க போர்ட், நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள், தனி அடாப்டர் இல்லாத ஹப் ஆகியவை இதிலும் கொஞ்சம் தின்று விடும். டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில்தான் அதிக மின்சாரம் கேட்கும். அப்போது பற்றாக்குறை ஏற்பட்டால் டிஸ்க் சுற்றத் தொடங்கி நின்று விடும்.

எனவே டிஸ்க்கோடு வந்த குட்டையான கேபிளை, கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். அடுத்து வேறு கேபிள். அடுத்து வேறு கம்ப்யூட்டர். இந்த மூன்றையும் பார்க்காமல் டிஸ்க் கெட்டு விட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னொன்றும் உண்டு. நடவு நேரத்தில் பம்ப்செட்டுகள் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் சொல்லாமல் போகும். பெரிய காப்பி வேலையை யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பில் செய்யாதீர்கள். நன்றாக சார்ஜ் ஏறிய லேப்டாப்பில் செய்யுங்கள். காப்பி நடுவே கரண்ட் போனால், பாதி எழுதப்பட்ட பைல் முழு அளவைக் காட்டிக் கொண்டு அப்படியே நிற்பதும் உண்டு. ஏனென்றால் விண்டோஸ் முதலிலேயே முழு இடத்தையும் ஒதுக்கி விட்டுத்தான் நிரப்பத் தொடங்குகிறது. எண் சரியாக இருக்கிறதே என்று நம்பி மூலத்தை அழித்தால் போச்சு.

எவ்வளவு நேரம் ஆக வேண்டும்?

வேகம் குறைவு என்பதும் காப்பி பிரச்னைதான் என்று நினைத்துப் பாதியில் கேபிளைப் பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள். கணக்கைத் தெரிந்து கொண்டால் பதற்றம் இருக்காது. யு.எஸ்.பி. 2.0 வழியில் ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 30 எம்.பி. எழுதும். 100 ஜி.பி. போக ஒரு மணி நேரம் ஆகும். யு.எஸ்.பி. 3.0 வழியில் நொடிக்கு 100 எம்.பி. கிடைத்தால் அதே வேலை 17 நிமிடம். போட்டோக்கள் போன்ற சிறு பைல்கள் ஆயிரக் கணக்கில் இருந்தால் இதில் பாதி வேகம் கூடக் கிடைக்காது. தொடக்கத்தில் வேகமாக ஓடி, பல ஜி.பி. எழுதிய பிறகு வேகம் சரிவதும் உண்டு. இன்றைய கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன் மேல் ஒன்று ஏறி எழுதப்படுவதால் இப்படி ஆகிறது. இது கோளாறு அல்ல.

ஆனால் வேகம் சுழி ஆகி, நீண்ட நேரம் அசையாமல் நின்று, பிறகு கொஞ்சம் ஓடி, மறுபடி நின்றால் அடுத்த பகுதியை உடனே படியுங்கள்.

சி.ஆர்.சி. பிழை: அவசர நிலை

"டேட்டா எர்ரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்" என்ற செய்தியை லேசாக எடுத்துக் கொள்ளக் கூடாது. டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு துண்டுடனும் ஒரு சரிபார்ப்புக் குறியீடும் எழுதப்படுகிறது. படிக்கும்போது இரண்டும் பொருந்தா விட்டால் டிஸ்க் அந்தத் துண்டைத் தர மறுக்கிறது. கேபிளை மாற்றியும் இந்தச் செய்தி அதே பைலில் அதே இடத்தில் வந்தால் டிஸ்க்கின் பரப்பில் பழுது என்று பொருள்.

கும்பகோணம் பக்கத்து ஊரில் ஒரு நாகஸ்வரக் கலைஞர் குடும்பம். பெரியவர் காலமாகி விட்டார். 2004 மார்ச் 6 மகாமகத்தன்று அவர் சுவாமி புறப்பாட்டில் வாசித்ததை உறவினர் ஒருவர் மினி டிவி கேமராவில் ஒரு மணி நேரம் எடுத்திருந்தார். அந்த டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பைல் 13 ஜி.பி. அவர் கச்சேரி கேசட்டுகள் நாற்பதும் வேவ் பைல்களாக அதே டிஸ்க்கில் இருந்தன. டேப்பில் பூஞ்சை பிடித்து விட்டது. அதை ஓட்டும் கேமராவும் வீட்டில் இல்லை. கேசட்டுகளும் அப்படியே. இருந்தது அந்த ஒரே டிஸ்க். சிங்கப்பூரில் உள்ள மகளுக்கு ஒரு காப்பி கொடுக்க மகன் முயன்றிருக்கிறார்.

முதலில் 32 ஜி.பி. பென் டிரைவில் 4 ஜி.பி. தடை. அதை என்.டி.எப்.எஸ்.ஸாக பார்மட் செய்து மறுபடி முயன்றபோது, பாதிக்கு மேல் ஓடி சி.ஆர்.சி. பிழை. மூன்றாவது முறை டிஸ்க்கை மாட்டியதும் "யூ நீட் டு பார்மட் தி டிஸ்க்" என்று செய்தி வந்தது. அப்போதுதான் போன் செய்தார். "அண்ணே, பார்மட் கேக்குது, ஓகே குடுத்துடவா?" என்றார். "தம்பி, கையை எடுங்க. கேன்சல் குடுத்துட்டு டிஸ்க்கைக் கழட்டி வைங்க. நான் வர்றேன்" என்றேன்.

இந்த நிலையில் செய்ய வேண்டிய வரிசை இது.

1. பார்மட் கேட்டால் கேன்சல் கொடுங்கள். விண்டோஸ் கேட்பது ஆலோசனை அல்ல. தன்னால் டிஸ்க்கின் அட்டவணையைப் படிக்க முடியவில்லை என்று சொல்கிறது. குட்டைக் கேபிளைப் பின்பக்க போர்ட்டில் மாட்டியதும் இந்த டிஸ்க் மறுபடி திறந்தது.

2. கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராமை இயக்குங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் குறிப்புகளை இது காட்டும். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டார்கள், திருத்த முடியாத செக்டார்கள் ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். ரா வேல்யூ என்ற இடத்தில் மூன்றும் சுழியாக இருக்க வேண்டும். இந்த டிஸ்க்கில் நிலுவை வரியில் எண் இருந்தது; மேலே காஷன் என்று மஞ்சளில் எச்சரிக்கை.

3. எர்ரர் செக்கிங், செக் டிஸ்க், டிபிராக் எதையும் இப்போது ஓட்டாதீர்கள். இவை அட்டவணையைச் சரி செய்யும் கருவிகள். உங்கள் பைலைக் காப்பாற்றுபவை அல்ல. பழுதான டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைத்து, இருக்கும் ஆயுளையும் குறைத்து விடும். டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதவும் கூடாது.

4. மறுபடி கிடைக்காததை முதலில் எடுங்கள். அதிலும் எளிதில் வரக் கூடியதை முதலில். 60 நிமிடக் கேசட் ஒன்று வேவ் பைலாகச் சுமார் 600 எம்.பி.; நாற்பதும் சேர்ந்து 24 ஜி.பி. இவற்றை விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி கட்டளையால் எடுத்தோம். பிழை வந்தால் இது சும்மா விட்டால் பத்து லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் 30 நொடி காத்திருந்து முயலும். ஆகவே சாய்கோடு ஆர் முக்காற்புள்ளி 1, சாய்கோடு டபிள்யூ முக்காற்புள்ளி 1 என்று கட்டளையின் இறுதியில் ஆங்கில எழுத்துகளில் சேர்க்க வேண்டும். அப்போது ஒரு முறை முயன்று விட்டு அடுத்த பைலுக்குப் போய் விடும். நாற்பது கேசட்டும் முழுமையாக வந்தன.

5. பிழையுள்ள பைலைக் கடைசியில் எடுங்கள். அன்ஸ்டாப்பபிள் காப்பியர் என்ற இலவச புரோகிராம், படிக்க முடியாத துண்டைத் தாண்டி, அந்த இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பி மீதியைக் காப்பி செய்யும். லினக்ஸ் பழகியவர்கள் டிடிரெஸ்க்யூ கொண்டு டிஸ்க் முழுவதையுமே பிம்பமாக எடுத்து, அந்தப் பிம்பத்திலிருந்து பைல்களைத் தேடலாம்.

மகாமகப் பைல் வர ஓர் இரவு முழுவதும் ஆனது. முடிவில் படிக்க முடியாமல் விடுபட்டது 96 கே.பி., அதாவது 98,304 பைட். நம் நாட்டு பால் முறை மினி டிவி வீடியோவில் நொடிக்கு 25 பிரேம். ஒரு பிரேம் 1,44,000 பைட். ஒரு பிரேம் அளவு கூடப் போகவில்லை. ஓரிடத்தில் படம் சதுரம் சதுரமாக ஒரு கணம் சிதறுகிறது. நாகஸ்வரம் நிற்கவில்லை. பழுது பைலின் தலைப்பகுதியில் விழுந்திருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

எல்லா டிஸ்க்கையும் வீட்டில் காப்பாற்ற முடியாது. கீழே விழுந்த டிஸ்க், டிக் டிக் என்று தட்டும் ஒலி, கருகிய வாசனை இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கழற்றி விடுங்கள். உள்ளே காந்தத் தட்டின் மேல் மயிரிழையிலும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் முனை, தட்டைக் கீறிக் கொண்டிருக்கலாம். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கீறல் கூடும். சுத்த அறை வசதியுள்ள மீட்பு நிலையத்துக்குத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். டிஸ்க்கைத் திறந்து பார்ப்பது, பிரிட்ஜில் வைப்பது போன்ற வைத்தியங்கள் வேண்டாம். சில டிஸ்க்குகளில் யு.எஸ்.பி. இணைப்பு டிஸ்க்கின் பலகையிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அந்தப் பலகையே தகவலைப் பூட்டி எழுதும். பெட்டியைப் பிரித்து வேறு பெட்டியில் போட்டால் படிக்கும் என்று நம்பி உடைக்காதீர்கள்.

காப்பி சரியா என்று எப்படித் தெரியும்?

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஓர் ஏட்டை மட்டும் நம்பவில்லை. பல ஊர்களிலிருந்து பிரதிகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். நகல் எடுக்கும் கை தவறும் என்பது ஏட்டுச்சுவடிக் காலத்திலேயே தெரிந்த விஷயம். கம்ப்யூட்டரும் விலக்கல்ல. ஆனால் நமக்கு ஒப்பிடும் வேலை எளிது.

முதல் சோதனை: மூல போல்டர், நகல் போல்டர் இரண்டிலும் ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். பைல்களின் எண்ணிக்கையும், சைஸ் என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் உள்ள பைட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சைஸ் ஆன் டிஸ்க் என்ற வரியை ஒப்பிடாதீர்கள். மேலே சொன்ன பாத்திக் கணக்கால் அது மாறித்தான் இருக்கும்.

இரண்டாவது சோதனை: எண் சரியாக இருந்தும் உள்ளே பழுதிருக்கலாம் என்பதால், முக்கியமான பைலுக்கு ஹாஷ் எண் எடுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் செர்ட்யூடில், இடைவெளி, கழித்தல் குறியுடன் ஹாஷ்பைல், இடைவெளி, பைலின் பாதை, இடைவெளி, எஸ்.எச்.ஏ.256 என்று ஆங்கிலத்தில் புள்ளிகள் இல்லாமல் டைப் செய்தால் 64 குறிகள் கொண்ட வரி ஒன்று கிடைக்கும். மூலத்துக்கும் நகலுக்கும் இந்த வரி ஒன்றாக இருந்தால் இரண்டும் அச்சு அசல். ஒரு பிட் மாறினாலும் வரி முழுவதும் வேறாகி விடும். காப்பி முடிந்த கையோடு இதைச் செய்யாமல், டிஸ்க்கைக் கழற்றி மறுபடி மாட்டி விட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் தன் நினைவகத்தில் உள்ளதையே படித்துச் சரி என்று சொல்லக் கூடும்.

கழற்றும்போது டாஸ்க் பாரில் உள்ள சேப்லி ரிமூவ் ஐகானைக் க்ளிக் செய்யும் பழக்கத்தை விடாதீர்கள். 2018ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எழுதுவதை உடனுக்குடன் முடிக்கும் முறையே இயல்பாக அமைந்துள்ளது உண்மைதான். ஆனாலும் பின்னணியில் ஏதாவது ஒரு புரோகிராம் எழுதிக் கொண்டிருந்தால் அதை நீங்கள் கண்ணால் பார்க்க முடியாது.

எத்தனை நகல் வேண்டும்?

மூன்று. இரண்டு வேறு வேறு டிஸ்க்குகளில். அவற்றில் ஒன்று வேறு ஊரில். வேறு ஊர் என்பதை நம் பகுதிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, கூரையோடு பீரோக்களும் நனைந்தன. பல கிராமங்களில் வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. ஒரே பீரோவில் உள்ள இரண்டு டிஸ்க் அந்த இரவில் ஒரே டிஸ்க்தான். ஒன்றை வெளியூரில் உள்ள அக்கா வீட்டிலோ பிள்ளை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். வீட்டில் உள்ளதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தால் மழைக்கால ஈரம் அண்டாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டையும் மாட்டி, ஸ்மார்ட் குறிப்பைப் பார்த்து, நாலைந்து பைல்களைத் திறந்து பாருங்கள்.

அந்த நாகஸ்வர வீட்டில் இப்போது மூன்று நகல்கள் உள்ளன. ஒன்று கும்பகோணத்தில், ஒன்று திருச்சியில், ஒன்று சிங்கப்பூரில். பழைய டிஸ்க்கைப் "பழுது, எழுதக் கூடாது" என்று ஒரு சீட்டு ஒட்டித் தனியாக வைக்கச் சொன்னேன். உங்கள் டிஸ்க்கில் இன்று எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை என்றால், ஸ்மார்ட் குறிப்பைப் பார்க்க இதுவே நல்ல நாள். ஐந்து நிமிட வேலைதான்.